சனிக்கிழமைக் கல்யாணம்

கல்யாணம் இப்போது கிடையாது, சார். உங்கள் கையில் இருக்கிற வரைபடம் போன வருஷத்தது. அதில் நடுமடையூர் என்று போட்ட இடத்தில் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிற மாதிரி சின்னப் படம் இருக்கும். இருக்கிறதா? அந்த மாப்பிள்ளை நான்தான். பார்த்தால் தெரியாது. தலைப்பாகை புருவம் வரைக்கும் இறங்கிவிட்டது. அது லிங்கதுரை அண்ணாச்சியின் தலைப்பாகை. அவருக்குத் தலை பெரிது.

உட்காருங்கள். இந்த மதகுக் கட்டை நிழலில்தான் இருக்கிறது. ஷூவைக் கழற்றிவிடுங்கள், கால் காற்று வாங்கட்டும். என் பெயர் நம்பிராஜன். வாழைக்கு முட்டுக் கொடுக்கிறவன். தார் பெருத்த வாழை காற்றில் சாய்ந்துவிடாமல் கம்பு ஊன்றிக் கட்டுவோமே, அந்த வேலை. இன்றைக்கு வேலை முடிந்துவிட்டது. முடியாவிட்டாலும் பரவாயில்லை. வாழை எங்கே போய்விடப் போகிறது?

நீங்கள் படித்தவர். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, இல்லையா? ஊரில் கேட்டால் சிரிக்கிறார்கள். நீங்கள் வெளியூர்க்காரர். முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மலையடிவாரத்தில் ஆரம்பித்து ஆற்றங்கரையோடு கடல் வரைக்கும் எட்டு நாள் நடக்கிறீர்களே, இந்தப் பாதை வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ரெபெக்கா மேடம்தான் கொண்டுவந்தார். ஊர் ஊராக வந்து கூட்டம் போட்டார். நடக்கிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒரு வேளை சாப்பிடுவார்கள், அந்த ஊரில் இருப்பதை ஒன்று பார்ப்பார்கள், ஊருக்கும் வருமானம் என்றார். "உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டார். மேலூரில் பழைய மண்டபம் இருக்கிறது. கீழே உள்ள ஊரில் கோரைப்பாய் நெய்கிறார்கள். எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

"வாழை இருக்கு" என்றார் லிங்கதுரை அண்ணாச்சி. அவர்தான் ஊர்த் தலைவர்.

"வாழை வழி முழுக்க இருக்கு அண்ணாச்சி" என்றார் மேடம்.

காப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

முதல் கூட்டம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தற்செயலாக அண்ணாச்சியின் தங்கை மகனுக்குக் கல்யாணம். வந்தவர்களை வெளியே நிறுத்தி வைக்க முடியுமா? பந்தியில் உட்கார வைத்தார்கள். மேளத்துக்கு ஆடினார்கள். பெண்கள் குலவை போட்டதைப் பார்த்து அவர்களும் போட்டுப் பார்த்தார்கள், நாய் எல்லாம் ஓடிவிட்டது. எட்டு நாளில் இதுதான் நல்ல நாள் என்று எல்லாரும் எழுதிக் கொடுத்தார்களாம். மேடம் போன் போட்டு, "வாரா வாரம் இதையே வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

"மேடம், எங்க ஊர்ல மொத்தமே முப்பத்தாறு வீடு. வாரத்துக்கு ஒரு கல்யாணம்னா பொண்ணுக்கு நாங்க எங்க போவோம்?"

"நடிச்சா போதும் அண்ணாச்சி."

இப்படித்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமை என்று வைத்தார்கள். அண்ணாச்சிக்கு அதில் சந்தோஷம். "சனிக்கிழமை எவனும் கல்யாணம் வைக்க மாட்டான். அதனால இது கல்யாணம் இல்லன்னு சாமிக்கே தெரியும்" என்றார். மார்கழியிலும் நடந்தது, சார். உலகத்தில் யார் மார்கழியில் தாலி கட்டுவார்கள்? நான் நாலு தடவை கட்டினேன்.

பெண்ணாக யார் உட்காருவது என்று இரண்டு நாள் பேசினார்கள். கழுத்தில் தாலி இருக்கிறவளுக்கு இன்னொரு தாலி கட்ட முடியாது. கல்யாணமாகாத பிள்ளையை உட்கார வைத்தால் நாளைக்கு அவளை யார் கட்டுவான்? கழித்துக் கழித்துப் பார்த்தால் பிரமசக்தி மிச்சம். புருஷன் லாரியில் போய் இறந்து பன்னிரண்டு வருஷம். பிள்ளை கிடையாது. கொழுந்தன் வீட்டுப் பின்பக்கம் ஓர் அறையில் இருந்தாள். பிச்சிப்பூ கட்டிக் கொடுப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு நூறு முழம் கட்டுவாள். அவள் கொழுந்தன் முதலில் குதித்தான். "ஊருக்காகத்தான ஏ" என்று அண்ணாச்சி அடக்கிவிட்டார்.

மாப்பிள்ளைக்கும் அதே கணக்குதான். கல்யாணமானவனைப் பெண்டாட்டி விட மாட்டாள். சின்னப் பையன்களுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு நாற்பத்தாறு. அம்மா பத்து வருஷம் படுக்கையில் கிடந்தாள். அவள் போன பிறகு எனக்குப் பெண் பார்க்க யார் இருக்கிறார்கள்? கழித்ததில் நான் மிச்சம்.

அண்ணாச்சி ஒரு சட்டம் போட்டார். அது முக்கியம், கவனமாகக் கேளுங்கள். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவான். மிச்சம் இரண்டு முடிச்சையும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ, அதாவது நாத்தனார், பின்னால் நின்று போடுவாள். மூன்று விழுந்தால் கல்யாணம். அதனால் அண்ணாச்சி, "ரெண்டோட நிறுத்தணும். மூணாவதுக்கு நாத்தனா விரலால தொட்டுட்டுக் கைய எடுத்துரணும்" என்றார். எனக்கு அக்கா தங்கை இல்லை. செல்லத்தாய் அக்கா நாத்தனாராக நின்றார். தாலி என்றால் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. சாப்பாடு முடிந்ததும் அவிழ்த்துவிடுவோம்.

முதல் வாரம் பிரமசக்தி கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பட்டுச் சேலை, குங்குமம், தலை நிறையப் பிச்சி. நான் எத்தனையோ வருஷமாக அவளைப் பார்க்கிறேன். அவளுக்கு அவ்வளவு முடி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டாம் வாரத்திலிருந்து பேச ஆரம்பித்தாள். போட்டோ எடுக்கும்போது பல்லைக் காட்டிக்கொண்டே வாய்க்குள் பேசுவாள்.

"கண்ண முழியும். மால போட்ட பொணம் மாரி இருக்கீரு."

"வெயில் அடிக்கில்லா."

"எனக்கும்தான் அடிக்கி. நான் முழிக்கேன்லா?"

சமையல் பெண்கள் வேறு. "நம்பி மாப்ள, இந்த வாரமாவது மறுவீடு உண்டா?" என்று சாம்பார் வாளியோடு வந்து நிற்பார்கள். பிரமசக்தி சிரிப்பாள். ஒரு தடவை, "ஏழு கல்யாணம் ஆயாச்சு. ஒரு சேல எடுத்துத் தந்தீரா?" என்று என்னைக் கேட்டாள். எல்லாருக்கும் முன்னால். நான் என்ன செய்ய? அம்பாசமுத்திரம் போய் ஒன்று எடுத்தேன். கொடுக்கவில்லை. அது வேறு.

முன்னெல்லாம் அவள் என்னை "நம்பியண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். எட்டாவது வாரத்துக்குப் பிறகு அந்த 'அண்ணே' நின்றுவிட்டது. சனிக்கிழமை மட்டும் இல்லை, மற்ற நாளிலும். தெருவில் எதிரே வந்தால் என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கமாகப் போய்விடுவாள். ஒரு பெண் எப்போது அப்படிச் செய்வாள் என்று உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஒன்றும் ஆசைப்படவில்லை, சார். வாரத்தில் ஆறு நாள் என் வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது. ரேடியோ இருக்கிறது, அது என்னைக் கேள்வி கேட்காது. சனிக்கிழமை பக்கத்து இலையில் ஒருத்தி உட்கார்ந்து, "அப்பளத்த ஏன் நொறுக்குதீரு, பிள்ளையா நீரு?" என்று கேட்பாள். அவ்வளவுதான். அதற்காக வெள்ளிக்கிழமையே சவரம் செய்துகொள்வேன்.

வந்தவர்களோடு பேசிப் பேசி எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷும் வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவேன். வாழைக்கறை துணியில் பட்டால் சாகிற வரைக்கும் போகாது. அதனால் "டோன்ட் டச், டோன்ட் டச்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். பிரமசக்தி என்னைவிட நன்றாகப் பேசினாள். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பெயர் கேட்பாள். எதற்கு இவளுக்கு இதெல்லாம் என்று நினைத்துக்கொள்வேன்.

பங்குனி கடைசிச் சனிக்கிழமை. பதினேழாவது கல்யாணம். அதோடு அந்த வருஷத்து நடை முடிகிறது. அன்றைக்குப் பார்த்து செல்லத்தாய் அக்கா மகளுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நாத்தனாருக்கு ஆள் இல்லை. ரெபெக்கா மேடம், "வந்தவங்கள்ல ஒருத்தர நிறுத்துவோமே, அவங்களுக்கும் ஆசையா இருக்கும்" என்றார். இங்ரிட் என்று ஒரு வெள்ளைக்காரம்மா முன்னால் வந்தார். அறுபது வயது இருக்கும். நல்ல கை, பனங்கிழங்கு மாதிரி விரல். அவர் ஊரில் பாய்மரப் படகு ஓட்டுகிறவராம். அது பிறகுதான் தெரியும்.

அண்ணாச்சி பந்தி வேலையில் நின்றார். போகிற போக்கில், "ஏ நம்பி, அந்த அம்மாகிட்ட நீயே சொல்லிரு. மூணாவதுக்குச் சும்மா தொட்டா போதும்" என்றார்.

சொன்னேன். நான் முதல் முடிச்சைப் போட்டேன். திரும்பி அந்த அம்மாவிடம், "சிஸ்டர், டை" என்றேன். டை என்றால் கட்டு. கட்டினார். இரண்டாகிவிட்டது. அப்புறம் இன்னொரு தடவை "டை" என்று வாயில் வந்துவிட்டது. சும்மா தொடுங்கள் என்பதற்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது, சார். நான் அவ்வளவாகப் படிக்கவில்லை. கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாமே என்று அண்ணாச்சி பிறகு கேட்டார். ஒரு வெள்ளைக்காரம்மா கையைப் போய்ப் பிடிக்கிறதா?

அந்த அம்மா கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே நுழைத்து, இரண்டு பக்கமும் இழுத்தார். பிரமசக்தி தலை பின்னால் போய்வந்தது.

குலவை பாதியில் நின்றது. கிழவிகள்தான் முதலில் பார்த்தார்கள். "மூணு விழுந்துட்டு" என்று ஒருத்தி சொன்னாள். வந்தவர்களுக்கு என்ன தெரியும்? கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். பிரமசக்தி கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. என் முகத்தைப் பார்த்தாள். நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

நாலு பெண்கள் மாறி மாறி அவிழ்த்துப் பார்த்தார்கள். படகுக்காரி முடிச்சு, அசையவில்லை. அந்த அம்மாவையே கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னார் மேடம். அதற்குள் கிழவிகள் விடவில்லை. "கட்டுன நாத்தனாவே அவுக்கதா? வெளங்குமா?" என்று மறித்துவிட்டார்கள். அந்த அம்மா பாவம், அழுதுவிட்டார். யாரோ கத்தரி கொண்டுவந்தார்கள். தாலியை எப்போது அறுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் அங்கே உயிரோடு நிற்கிறேன். எப்படி அறுப்பது? யார் அறுப்பது? அவளுக்கு ஏற்கெனவே ஒரு தடவை அறுத்தாயிற்று. கத்தரி கொண்டுவந்தவளே அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பிரமசக்தி எழுந்து தாலியோடு வீட்டுக்குப் போனாள்.

ஊரில் கூடிப் பேசினார்கள். சனிக்கிழமை கட்டியது செல்லாது என்று ஒரு கட்சி. கயிற்றுக்குக் கிழமை தெரியுமா, மூன்று விழுந்தால் விழுந்ததுதான் என்று ஒரு கட்சி. கடைசியில் அண்ணாச்சி, "அவ என்ன சொல்லுதாளோ அதுதான். அது வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் இவன் ஆசைப்படுகிறான் என்பார்கள்.

மறுநாள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சும்மாதான். அடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் கட்டிலைப் பிரித்துப் பரண்மேல் போட்டேன். இடம் வேண்டும் என்று இல்லை, சுத்தமாக இருக்கட்டுமே. ஜன்னல் பக்கம் வெளிச்சமான இடத்தில் ஓர் ஆணி அடித்தேன். அவள் வீட்டில் கண்ணாடி அப்படித்தான் மாட்டியிருக்கும்.

காலையில் வேலைக்குப் போகிற வழியில் கடையில் இரண்டு முழம் பிச்சி வாங்கி அவள் வீட்டுத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுப் போவேன். கடைக்காரன் சிரித்தான். "இது அவ கட்டுன பூதான், தெரியும்லா?" என்றான். தெரியும். அதனால் என்ன? சாயங்காலம் வரும்போது தாழ்ப்பாளில் பூ இருக்காது. அவள் தலையில் இருந்தது என்று சமையல் பெண்கள் சொன்னார்கள். குங்குமமும் வைத்திருந்தாளாம். பச்சைச் சேலை கட்டிக் கடைக்குப் போய்விட்டு வந்தாளாம். கொழுந்தன் பார்த்துக்கொண்டே நின்றானாம், ஒன்றும் சொல்லவில்லையாம். நீங்களே சொல்லுங்கள், நான் என்ன நினைப்பேன்? எட்டு நாள், சார். எட்டு நாளும் பூவை எடுத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை. மத்தியானம் தோட்டத்துக்கே வந்தாள். நான் ஒரு வாழைக்கு முட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். தலையில் பூ இல்லை. கையில் மஞ்சள் கயிறு. அறுக்காமல், முழுதாக.

"அந்த அம்மாட்ட நீரு என்ன சொன்னீரு?"

"டைன்னு சொன்னேன்."

"எத்தன தடவ?"

முட்டுக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"எனக்குக் காது இருக்கு. நீரு ரெண்டாவது தடவ சொல்லும்போதே தெரியும்."

"தெரிஞ்சா எந்திரிச்சிருக்கலாம்லா?" என்றேன். நியாயமான கேள்விதானே?

"நூறு பேரு முன்னாலயா?" என்றாள். "இந்த முடிச்ச மொத நாளே அவுத்திருப்பேன். பூக் கட்டுதவளுக்கு இது ஒரு முடிச்சா? கழுத்துல கயிறு கெடக்கப் போயி ஒரு பய ஒண்ணும் கேக்க முடியாதுல்லா. ஆச தீர பூ வச்சிக்கிட்டேன்."

"நான் வச்ச பூவைத்தான்…"

"பூ யாரு வச்சா என்ன? நான் கட்டுன பூ." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "சனிக்கெழம சனிக்கெழம, யாருக்கும் பொண்டாட்டியா இல்லாம, யாருக்கும் தாலியறுத்தவளா இல்லாம, பூ வச்சி ஒக்காந்திருந்தேன். ஊரே பாத்துச்சு, ஒருத்தரும் தப்பு சொல்லல. அடுத்த வருசமும் உண்டுன்னு நெனச்சிருந்தேன். அதுக்குத்தான் வந்தேன். உமக்கு வேணும்னா வாயத் தொறந்து கேட்டிருக்கணும். கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன், அதோட போயிருக்கும். இப்ப எல்லாத்தையும் கெடுத்துட்டீரு."

கயிற்றை என் கையில் வைத்தாள். "அறுக்கல. அவுத்துட்டேன். நீரு நல்லா இரும்."

போய்விட்டாள். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை, சார். முதல் நாளே அவிழ்க்கக்கூடியவள் ஒன்பது நாள் எதற்குக் கட்டியிருந்தாள்? பூவுக்காக என்றாள். சரி. பெண்கள் உள்ளதைச் சொல்வார்களா? அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். கயிறு கிடந்த அந்த ஒன்பது நாள் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, இல்லையா? நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள். அண்ணாச்சியும் இப்படித்தான் பேசாமல் இருந்தார்.

அந்த வைகாசியில் கல்யாணத்தை நிறுத்திவிட்டார் அண்ணாச்சி. விளையாட்டு வினையாகிவிட்டது, இனி வேண்டாம் என்றார். எங்கள் ஊரில் வேறு ஒன்றும் இல்லை. சாப்பாட்டையும் அடுத்த ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சமையல் பெண்கள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ரெபெக்கா மேடம் பிரமசக்தியைக் கூப்பிட்டு, "உன் வேலையும் போச்சே, என்னம்மா செய்யப் போற?" என்று கேட்டார். "நடக்கேன்" என்றாளாம்.

அப்படித்தான் கிளம்பினாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மலையடிவாரத்திலிருந்து கடல் வரைக்கும் கூட்டத்தை நடத்திப் போகிறாள். தலையில் எப்போதும் பூ. வழியில் உள்ள ஊரில் அவள் யார், புருஷன் இருக்கிறானா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அந்த அறையையும் கொழுந்தனிடமே விட்டுவிட்டாள். எங்கள் ஊரைச் சனிக்கிழமை பத்து மணிக்குத் தாண்டுவாள். நான் அந்த நேரம் பாதையோரத் தோட்டத்தில்தான் இருப்பேன். முட்டுக் கொடுக்கிற வேலை அங்கேதான் நிறைய இருக்கிறது.

உங்கள் கூட்டத்தையும் அவள்தானே நடத்திப் போகிறாள்? முன்னால் போனதைப் பார்த்தேன். நீலச் சேலை. சார், ஒன்று கேட்கட்டுமா? ஒவ்வோர் ஊர் எல்லையிலும் நின்று அந்த ஊரைப் பற்றி நாலு வார்த்தை சொல்வாளாம். மண்டபத்தைப் பற்றி நன்றாகச் சொல்வாளாம். எங்கள் ஊர் எல்லையில் நின்று என்ன சொன்னாள்?

இல்லை, சும்மாதான் கேட்கிறேன். நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்.

தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்த ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர் என்றாளா.

அவ்வளவுதானா?

சரி. அது சரிதான், ஒன்பதுதான். நடுவில் நிழல் கிடையாது. பாட்டிலை இப்படிக் கொடுங்கள், நான் பிடித்துத் தருகிறேன்.